பத்து எண்ணுற வரைக்கும்

என்ன சார், பதினாறு கேள்விக்கும் ஒண்ணுன்னே போட்டு வெச்சிருக்கீங்க? ஒண்ணுன்னா துளி பயம்கூட இல்ல, நாலுன்னா உயிரே போற பயம்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தானே தாளக் குடுத்தேன். குளிக்கும்போது விழுந்துடுவோம்னு பயமா? ஒண்ணு. படி இறங்கும்போது? ஒண்ணு. வெளிய உக்காந்திருக்கிற உங்க பொண்ணு, இந்த மாசத்துல மட்டும் மூணு தடவ விழுந்தீங்கன்னு சொல்லுது. நான் யார நம்புறது?

சரி சரி, கோவப்படாதீங்க. தாள ஓரமா வெச்சிடலாம். நின்னே பாத்துடுவோம். எழுந்திரிங்க, மெதுவா. உங்க இடுப்புல கட்டியிருக்கேன் பாருங்க பெல்ட்டு, அத நான் பின்னாலேருந்து பிடிச்சிருக்கேன். இது இல்லாம நீங்க நாலு எட்டுகூட வைக்க முடியாதுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. ஒத்தக் கால்ல நிக்கணும், கண்ண மூடிக்கிட்டு. பத்து எண்ணுவேன். அவ்ளோதான்.

சுவத்தத் தொடக்கூடாது சார். ம், தூக்குங்க கால. ஒண்ணு.

இந்தப் பரிட்சை உங்களுக்குப் புதுசா என்ன? கட்டட வேலையில முப்பது வருஷம் சூப்பர்வைசரா இருந்தவராச்சே. ரெண்டு.

ஆடாதீங்க. ஒரு பெயிண்டரு இருந்தாரு, காதுல கோளாறு. தலையத் திருப்புனா உலகமே சுத்தும். இன்னிக்குச் சாரம் ஏற வேணாம், கீழயே ஏதாவது வேல குடுங்கன்னு கெஞ்சியிருக்காரு. அவரு சூப்பர்வைசரு என்ன பண்ணாரு தெரியுமா? எல்லாரையும் கூப்பிட்டு, நடுவுல நிறுத்தி, ஒத்தக் கால்ல நில்லுடா, பத்து எண்ணுறேன், விழலன்னா மேல ஏறுன்னாரு. ஒரே சிரிப்பாம். மானத்துக்கு பயந்து பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னுட்டாரு மனுசன். அந்தப் பத்தையும் ஒரே மூச்சுல எண்ணி முடிச்சிருக்காங்க. நான் அப்படி எண்ண மாட்டேன் சார். மூணு.

கண்ணத் தொறக்காதீங்க. தொறந்தா மறுபடி முதல்லேருந்து.

அன்னிக்கு மத்தியானமே மூணாவது மாடிச் சாரத்துலேருந்து விழுந்தாரு. குடிச்சிருந்தான்னு எழுதிக் குடுத்துட்டாங்க. காப்பிகூடக் குடிக்காத ஆளு. எனக்கு அத நெனச்சாத்தான் இன்னும் வயிறு எரியுது. விழுந்ததகூட ஒருநாள் மறந்துடுவேன், அத மறக்க மாட்டேன். நாலு.

யாரா? என் வீட்டுக்காரருதான். ஏன் சார், கால் இப்படி நடுங்குது? அஞ்சு.

அவருக்கும் இதே தாளப் படிச்சுக் காட்டினேன். எல்லாத்துக்கும் ஒண்ணு, உங்கள மாதிரியே. படுத்தே கெடக்கிறவரு எங்கேருந்து விழுவாரு? அவருக்குக் கை கால் நீவி விடப் போய்தான் இந்த வேலையே கத்துக்கிட்டேன். இங்க வர்ற ஒவ்வொரு ஃபாரத்துலயும் முதல்ல பேரத்தான் பாப்பேன். பதினோரு வருஷம். நேத்துதான் அந்தப் பேரு வந்துச்சு. ஆறு.

பொண்ணக் கூப்பிடாதீங்க, கதவு சாத்தியிருக்கு. இன்னும் நாலுதானே? அவரு பத்து வரைக்கும் நின்னாரு சார்.

பெல்ட்டா? அத நான் மூணு எண்ணும்போதே விட்டுட்டேன். இப்ப சொல்லுங்க, தாள்ல எத்தன போடட்டும்?