வாட்ச்மேனைத் தூங்க வைக்கிற மாத்திரை

...நாலு மணிக்கு மேலதான் விடுவியா? சரி, விடாத. இந்தா பாஸ் சீட்டு. வார்டு, கட்டில், எல்லாம் இதுல இருக்கு. படிக்கத் தெரியும்ல? இப்பத்தான் ஒருத்தன் ரெண்டு கையிலயும் பெட்டியோட விறுவிறுன்னு உள்ள போனான். யாரு எவருன்னு கேட்டியா? இல்ல. கட்டின புருசன் நான், என்னைப் பிடிச்சு நிறுத்திட்ட. பிரமாதமான காவல் தம்பி!

இருபத்திரெண்டு வருசம் நானும் வாட்ச்மேன்தான். இதே மாதிரி விசில், இதே மாதிரி கால் ஒடிஞ்ச நாற்காலி. என் கேட்டைத் தாண்டி ஒரு குண்டூசி போனதில்ல. அதான் என் பொண்டாட்டியப் பாக்கற டாக்டர் சொன்னது இன்னும் எரியுது. "என்ன வேலை பாக்கறீங்க?"ன்னாரு. சொன்னேன். "அப்ப உங்களுக்குச் சட்டுனு புரியும். ஒவ்வொரு உடம்புக்குள்ளயும் ஒரு வாட்ச்மேன் இருக்கான். வெளியிலேருந்து வர்ற கிருமிய விரட்டறது அவன் வேலை. உங்க வீட்டம்மாவுக்கு அந்த ஆளு, வீட்டு ஆளுங்களையே திருடன்னு நெனச்சு அடிக்கிறான். மூட்டு, தோலு, கிட்னி... யாரையும் விடறதில்ல. இதுக்குப் பேருதான் லூபஸ்"னாரு.

எப்படி இருக்கு பாரு! என் மூஞ்சிக்கு நேராவே! உதாரணம் சொல்ல உலகத்துல வேற ஆளே கெடைக்கலையா? ஒரு கணக்குப்பிள்ளையச் சொல்லு. ஒரு டாக்டரைச் சொல்லேன்! காவல்காரன்னா எல்லாருக்கும் இளக்காரம்.

இந்தப் பேரைக் கண்டுபிடிக்கவே ரெண்டு வருசம் ஆச்சுப்பா அந்த மகா புத்திசாலிங்களுக்கு. ஒருத்தன் வாதம்னான், ஒருத்தன் ரத்தம் கம்மின்னான். அவ தம்பி, அதான் என் மச்சான், "அக்காவுக்கு வேலை செய்ய உடம்பு வணங்கல"ன்னான். அவளா? ஒரு நாள் சும்மா உக்காந்தவ இல்ல. காலைல வெரல் வீங்கிப்போய் கதவுத் தாப்பாளைக் கூடத் தள்ள முடியாது. வெயில்ல ஒரு நட போய்ட்டு வந்தா ரெண்டு கன்னமும் மூக்கும் சேர்த்து, யாரோ அறைஞ்ச மாதிரி செவந்து கெடக்கும். மாடி வீட்டம்மா அதப் பாத்துட்டு, "உங்க வீட்டு வாளிய எங்க குழாய்க்குக் கொண்டாராதீங்க"ன்னா. அட அறிவுக்கொழுந்தே! வெளியிலேருந்து வந்தாத்தானே ஒட்டும்? இது அவ உடம்பு அவளையே அடிச்சுக்கறது. அதையும் டாக்டர் சொன்ன அதே வாட்ச்மேன் கதையச் சொல்லித்தான் அந்தம்மாவுக்குப் புரிய வெச்சேன். என் தலையெழுத்து.

மாத்திரை குடுத்தாரு. உள்ள இருக்கிற அந்த வாட்ச்மேன அடக்கி வைக்குமாம். "நீங்களா நிறுத்திடாதீங்க"ன்னு மூணு தடவ சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. காவல்காரன் சரியில்லன்னா மயக்க மருந்தக் குடுத்துத் தூங்க வைப்பியா? அப்பறம் நெஜத் திருடன் வந்தா யாரு பாக்கறது? நல்லா சாப்பாடு போடு, தெம்பாக்கு, கண்ணு தெளிவாத் தெரியட்டும்... அதானே மொற? என் சர்வீஸ்ல இத விட ஒரு முட்டாள்தனத்தக் கேட்டதில்ல.

அதுவும் போக, அந்த மாத்திரையால அவ மொகம் உப்பிப்போச்சு தம்பி. கண்ணாடி மேல துண்டப் போட்டு மூடி வெச்சா. நான் பாக்கலன்னு நெனச்சு அழுவா.

ஏழு நாளுக்கு ஏழு அறை வெச்ச டப்பா இருக்கு பாரு, அதுல மாத்திரை போடறது நான்தான். அவ வெரலுக்கு அட்டையப் பிரிக்க வராது. அதே அளவுல, அதே வெள்ளையில சத்து மாத்திரை ஒண்ணு கெடைச்சது. கூட ஒரு டானிக்கு, எதிர்ப்பு சக்தின்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான்...

என்ன அப்படிப் பாக்கற? மொதல்ல மொகம் வத்துச்சு! துண்ட எடுத்துட்டா. சிரிச்சா. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். மூணாவது வாரம் காலு ரெண்டும் தூண் மாதிரி வீங்கிருச்சு. ஒண்ணுக்குப் போனா சோப்பு நொரை மாதிரி. நேத்துக் காலைல அடுப்படியில சுருண்டு விழுந்தா.

டாக்டர் கேட்டாரு, "மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களா?" அவ சொல்றா... பெருமையா சொல்றா தம்பி... "ஒரு வேளை தவறல சார். இவரே கையில எடுத்துக் குடுப்பாரு." நான் சட்டப் பைய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். டாக்டர் "அப்ப இந்த மருந்து இவங்களுக்குக் கேக்கல"ன்னு எழுதிட்டு, இன்னிக்கே இத விடப் பெரிசா ஏதோ மருந்து ஏத்தப் போறேன்னுட்டாரு.

கேக்கலையா? அது எங்க உள்ள போச்சு, கேக்கறதுக்கு? இந்தா... என் சட்டப் பையில இருக்கு. தொட்டுப் பாரு. மூணு வாரத்து மாத்திரை, இருபத்தியொண்ணு.

அந்தப் பெட்டிக்காரன விடு தம்பி. நீ நிறுத்த வேண்டிய ஆளைத்தான் நிறுத்தியிருக்க.

ஆனா நாலு மணிக்கு டாக்டர் கெளம்பிருவாரு. அஞ்சே நிமிசம் விடு. அவளப் பாக்கப் போகல. அவர் மேஜைல இதக் கொட்டிட்டு, கொட்டினது யாருன்னு சொல்லிட்டு வந்துடறேன். வேணும்னா நீயும் கூட வா... என் கையப் பிடிச்சுக்கிட்டே வா.