வால்வு இருந்த ஓட்டை

இரவு ஒரு மணி இருக்கும். ஆஸ்பத்திரியைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகிற சாலை... ஒரு விளக்கு கிடையாது, ஒரு வீடு கிடையாது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது.

சித்தப்பா டீசல் வேன் மெக்கானிக். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "நான் தூங்கி எந்திரிச்ச மூஞ்சியப் பாத்தா அதுதான்டா ஓடும்" என்பார். அப்பேர்ப்பட்ட ஆள்.

அன்றைக்கு நடுவழியில் நின்றுபோனது ஒரு பிணவண்டி. பின்னால் கண்ணாடிப் பெட்டி. சொந்தக்காரர்கள் காரில் முன்னாலேயே போய்விட்டார்கள். டிரைவர் மட்டும் தனியாக நின்றான். அவன் போன் போட்டுத்தான் சித்தப்பா அங்கே போனார்.

"இழுக்கவே மாட்டேங்குதுண்ணே. கரும்புகையாத் தள்ளுச்சு, அப்புறம் ஆஃப் ஆயிடுச்சு."

சித்தப்பாவுக்குப் பார்த்ததுமே பிடிபட்டது. ஈ.ஜி.ஆர். வால்வு. எஞ்சின் கக்குகிற புகையில் கொஞ்சத்தை மறுபடி உள்ளேயே அனுப்புகிற வால்வு அது. கரி பிடித்து, மூடாமல் திறந்தே நின்றுவிட்டது. வண்டி தன் புகையைத் தானே குடித்துத் திணறியிருக்கிறது.

சூடு ஆறும்வரை காத்திருந்தார். வயரைப் பிடுங்கினார். போல்ட்டுகளைத் தளர்த்தினார். க்ரீச்... வால்வு கையோடு வந்தது. உள்ளே தார் மாதிரி கரி. குமட்டுகிற எண்ணெய்ப் புகை நாற்றம்.

அப்போதுதான் கேட்டது.

ஹ்ஹா...

வால்வு இருந்த ஓட்டையிலிருந்து. எஞ்சின் அணைந்து எவ்வளவோ நேரமாயிற்று.

ஹ்ஹா...... ஹ்ஹா...

உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஓட்டை கையை இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது. வெதுவெதுப்பாக... ஈரமாக.

"தம்பி... பின்னாடி யாரு?"

"ஒரு அக்காண்ணே. வீடு தீப்பிடிச்சு... உடம்புல ஒரு காயம் இல்ல. புகையிலயே மூச்சு முட்டிப் போயிட்டாங்களாம்."

சித்தப்பாவின் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. வால்வைத் துடைத்து மாட்டுகிற தைரியம் எங்கே? ஒரு தகட்டை எடுத்து ஓட்டையின் மேல் வைத்து முறுக்கினார். அப்படி அடைத்தாலும் வண்டி ஓடும். முறுக்க முறுக்க உள்ளே மூச்சு வேகமாயிற்று. விசில் மாதிரி மெலிந்தது. கடைசிச் சுற்று...

நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. பொட்டுப் புகை இல்லை. "உங்க கை ராசியான கைண்ணே!" என்று சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டான். சித்தப்பா மண்ணை அள்ளி அள்ளிக் கையைத் தேய்த்தார். அந்த ஈரம் போகவே இல்லையாம்.

விடிகிற நேரத்தில் அவனிடமிருந்து போன்.

"என்ன, மறுபடி நின்னுடுச்சா?"

"இல்லண்ணே... வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. இங்க வந்து பெட்டியத் திறக்கப் போனோம். கண்ணாடியில உள்பக்கம்... வாய்க்கு நேரா மட்டும் ஆவி படிஞ்சிருக்கு."

அவனுக்குப் பின்னால் யாரோ அலறுவது கேட்டது.

"ஆஸ்பத்திரியில தாடையத் துணியால கட்டித்தான் ஏத்துனாங்க. நான்தாண்ணே பக்கத்துல நின்னேன்... இப்ப அந்தத் துணி அவங்க கைக்குள்ள இருக்கு."