வெற்று வானம் காட்டிய முகடு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்து என்னை மிரள வைக்கும் மூத்தோரே! வீட்டு வேலையை ஒதுக்கிவிட்டு விண்மீன் கதை கேட்க வந்திருக்கும் தாய்மாரே! தோழர்களே! வணங்கி மகிழ்கிறேன்.

விண்மீன் எங்கே பிறக்கிறது? ஒளியிலா? இல்லை, இருளிலே! குளிர்ந்து கறுத்த வாயு மேகத்திலே! நான் ஆராய்ந்த மேகம் தன் பாரம் தாங்காமல் உள்ளே சரிகிறது. சரிந்து, செறிந்து, சூடேறி ஒருநாள் சுடராகும் என்பது என் வாதம். "சரியவில்லை, கலைகிறது" என்றார் வேறொரு ஆய்வகத்துப் பேராசிரியர்.

ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பினேன். வாயு உள்ளே விழுந்தால் வரைபடத்தில் எப்படி முகடு எழ வேண்டுமோ, அப்படியே எழுந்தது! "பத்திரிகைக்காரங்கள உடனே கூப்பிடுங்க" என்று துள்ளினார் எங்கள் ஆய்வக இயக்குநர்.

எங்கள் கருவிப் பொறியாளர் மட்டும் முகத்தைச் சுளித்தார். அவர் என் நாத்தனார்.

சிரிக்கிறீர்கள்! அனுபவம் பேசுகிறது போலும்!

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இது நீங்க ஆசப்பட்ட மாதிரியே இருக்கு. அதான் எனக்கு நம்பிக்கை வரல."

எனக்குச் சுருக்கென்றது. பொறாமையா? பேராசிரியர் பக்கம் சாய்ந்துவிட்டாளா? கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவளை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"சரி, என்னதான் செய்யணுங்கிற?"

"ஒண்ணுமே இல்லாத இடத்தப் பாப்போம்."

பார்த்தோம். மேகமில்லை, வாயுவில்லை, வெற்று வானம். அங்கேயும் எழுந்தது அதே முகடு! கோளாறு விண்ணிலா? இல்லை, சிக்னலைப் பெருக்கும் எங்கள் கருவியிலே! இயக்குநர் பத்திரிகைக்காரர்களை வர வேண்டாம் என்றார். நான் யார் முகத்திலும் விழிக்கவில்லை.

நாத்தனார் கருவியை மாற்றினாள். மறுபடி பார்த்தோம். வெற்று வானம் வெறுமையாகவே இருந்தது. மேகத்திலோ, முன்போல் ஓங்காமல், ஒரு சிறு முகடு நின்றது. நம்பலாமா? எனக்கே துணிவில்லை. தரவு முழுவதையும் பேராசிரியருக்கே அனுப்பினேன். அவர் தம் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு அழைத்தார்.

"நீங்க சொன்னது தப்புன்னு காட்டத்தாம்மா பாத்தேன். வாயு உள்ளதான் விழுது."

அவையோரே! ஆதரித்தவர் வலுவாக்கினாரா என் வாதத்தை? இல்லை! ஐயப்பட்டவள் அறுத்துப் பார்த்தாள், எதிர்த்தவர் உரசிப் பார்த்தார், எஞ்சியது நின்றது!

கண்கலங்கி நாத்தனாரிடம் ஓடினேன். அவள் கருவியிலிருந்து நிமிரவே இல்லை.

"அவரும் நம்மள மாதிரியே தப்பு பண்ணியிருந்தா? மூணாவதா ஒருத்தர பாக்கச் சொல்லுங்க, அண்ணி."

சொல்லியிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன். இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கு நன்றி. என்னையும் அப்படியே நம்பிவிடாதீர்கள், கேள்வி கேளுங்கள். வணக்கம்!