வழி விடுங்க, லேடீஸ் டிரைவர்

— அப்ப ஓனர் கேட்டப்போ நீங்க இதைத்தான் சொன்னீங்களா, பாண்டியன் அண்ணா?

— நல்லதைத்தானேம்மா சொன்னேன். ‘தேவிப்ரியா எப்பிடி ஓட்டுது’ன்னாரு. ‘பயமே வேணாம் சார், நான் கூட இருந்து பார்த்துக்கினு இருக்கேன்’னேன்.

— அதான் வேலூர் வண்டி வேல்முருகனுக்குப் போச்சு.

— இன்னா சொல்ற நீ?

— காலையில ஷெட்டுல ஓனர் சாமுவேல் சாரே சொன்னாரு. திங்கக்கிழமைலேர்ந்து புது வண்டிய வேல்முருகன்தான் எடுக்கறான். ‘உனக்கு இந்த டவுன் வண்டிதான்மா சரி, பாண்டியன் கூட இருப்பாரு’ன்னுட்டாரு.

— அதுக்கும் நான் சொன்னதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?

— கண்டக்டரு பார்த்துக்கினாத்தான் இந்தப் பொண்ணு ஓட்டும்னு ஆயிடுச்சில்ல. வேலூரு வரைக்கும் யாரு பார்த்துப்பாங்க?

— ரெண்டு பேரும் வெயில்ல நின்னுக்கினு இன்னா வழக்கு? உள்ள வாங்க, டீ போட்டாச்சு. வண்டி எடுக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்குதுல்ல, கண்டக்டரே?

— இருக்குது செல்லிக்கா. எனக்கு சக்கரை கம்மியா. தேவிக்கு அந்த ஃபேனாண்ட இருக்கற நாற்காலியக் குடு.

— அவ எங்க உக்காரப்போறா? மூஞ்சியே சரியில்ல. இன்னா பாப்பா, திருப்புட்குழி வரைக்கும் நல்லாத்தான ஓட்டிக்கினு வந்த?

— நல்லாத்தான் ஓட்டுனேன் அக்கா. பதினோரு மாசமா நல்லாத்தான் ஓட்டறேன். வண்டியில ஒரு கீறல் இல்ல. அதுக்கு முன்ன அஞ்சு வருஷம் கம்பெனி பஸ்ஸு. ஷிஃப்டு ஆளுங்கள ஏத்திக்கினு ஸ்ரீபெரும்புதூருக்கு ஹைவேல போனவ நான். இவரு என்னப் பார்த்துக்கறாராம்.

— மரியாதைக்கு சொன்னேன்மா.

— மூங்கில் மண்டபம் ஜங்ஷன்ல தினம் வண்டிய விட்டு இறங்கறீங்களே, அதுவும் மரியாதையா?

— பின்ன? நாலு பக்கமும் வண்டி, ஒருத்தன் வழி விடமாட்டான். நான் இறங்கி கையக் காட்டினாத்தான்...

— கையக் காட்டினா கூடப் பரவாயில்ல. ‘வழி விடுங்க, வழி விடுங்க, லேடீஸ் டிரைவர்’னு கத்தறீங்க. பூ வாங்கறவங்கள்லேர்ந்து ஆட்டோக்காரங்க வரைக்கும் திரும்பி என்னப் பார்க்கறாங்க. நேத்து ஒருத்தன் பைக்கோட ஓரமா ஒதுங்கி நின்னுட்டான்.

— ஒதுங்கினான்ல? அதுக்குத்தான கத்தறது.

— இடிச்சிடுவேன்னு பயந்து ஒதுங்கறாங்க அண்ணா.

— சேச்சே, அப்பிடி இல்லம்மா.

— சரி, வேல்முருகன் இந்த வண்டிய மூணு வருஷம் ஓட்டினான். அப்பவும் நீங்கதான் கண்டக்டரு. அவனுக்காக எத்தினி தடவ இறங்கினீங்க?

— அவனுக்கு எதுக்கு இறங்கணும்? ஆரன் அடிச்சிக்கினே பூந்துடுவான்.

— பூந்து பூந்துதான் ஒலிமுகமதுபேட்டைல ரெண்டு தடவ சைடு கண்ணாடிய உடைச்சான்.

— உடைச்சான். அது வேகத்துல ஆவறதும்மா.

— கேட்டுக்கினியா பாப்பா? அவன் உடைச்சா வேகம். நீ உடைச்சிருந்தா ஊரே பேசியிருக்கும்.

— செல்லிக்கா, நீ வேற ஏத்தி விடாத. நான் இவளக் கூடப் பொறந்தவளாட்டம் வெச்சிருக்கேன். வண்டியில எவனாவது ஒரு வார்த்த தப்பாப் பேசிட முடியுமா? குடிச்சிட்டு வந்து கியர் பாக்ஸ் மேல உக்காந்தானே ஒருத்தன், அவனக் கழுத்தப் பிடிச்சி வெள்ளைகேட்டுல இறக்கி விட்டது யாரு?

— நீங்கதான். நான் இல்லன்னேனா? அன்னிக்கு ‘அண்ணா, இவன இறக்குங்க’ன்னேன், ஓடி வந்தீங்க. வீட்டுல எங்கம்மாகிட்ட கூட சொன்னேன், இவரு இருக்கறதால எனக்கு வண்டியில பயமே இல்லன்னு.

— அப்பால இன்னாம்மா?

— அன்னிக்கு நான் கூப்பிட்டேன். பஞ்சர் ஆச்சே, அப்போ கூப்பிட்டேனா? ஸ்டெப்னி மாத்த நான் ஜாக்கிய எடுத்தா, பிடுங்கிக்கினு என்னப் புளியமரத்து நிழல்ல உக்கார வெச்சீங்க. உங்களுக்கு ஜாக்கி போடற எடமே தெரியல. பாசஞ்சருங்க நாலு பேரக் கூப்பிட்டு, முக்கா மணி நேரம். நான் கால் மணியில மாத்தியிருப்பேன்.

— அத்தினி பேரு பார்க்க ஒரு பொம்பளைய ரோட்டுல முட்டி போட விட்டுட்டு நான் நின்னுக்கினு இருக்கணுமா? எங்கப்பா என்ன அப்பிடி வளக்கல. பொம்பளைங்க சுமை தூக்கினா வாங்கிக்கோ, நின்னா எழுந்து எடம் விடு, கேக்கட்டும்னு காத்துக்கினு இருக்கறவன் மனுசனே இல்லன்னுவாரு. தறிக்குப் பாவு நூல் மூட்டைய தூக்கிக்கினு ஒரு அம்மா படி ஏறினா நானே வாங்கி மேல வெக்கறேன். அதுவும் தப்புன்னா சொல்லிடு, விட்டுடறேன்.

— தப்புன்னு நான் சொல்லமாட்டேன்பா. தோ, இந்தப் பால் கேன யாராவது தூக்கினா எனக்கு நல்லாத்தான் இருக்கும்.

— குடு செல்லிக்கா. எங்க வெக்கணும்?

— அடுப்பாண்ட வை. பஸ்ஸுல எனக்கு எழுந்து எடம் விட்டா உக்காந்துப்பேன். காலு வலிக்கறப்போ ரோஷம் பார்த்தா ஆவுமா? ஆனா எழுந்துக்கறவன் மூஞ்சியப் பார்த்தாத் தெரிஞ்சிடும், எனக்காக எழுந்தானா, பக்கத்துல இருக்கறவங்க பார்க்கணும்னு எழுந்தானான்னு.

— நான் எவன் பார்க்கணும்னு எழுந்தேன்?

— உன்ன சொல்லல. உனக்கு ஏன் சுருக்குங்குது?

— சுருக்குங்காம? இப்ப எப்பிடி நடந்துக்கறதுன்னே புரியல. எழுந்தா ‘ஏன் எழுந்த’ன்றாங்க. எழலன்னா ‘மாடாட்டம் உக்காந்திருக்கான் பாரு’ன்றாங்க. போன வாரம் ஒரு காலேஜ் பொண்ணுக்கு என் சீட்ட விட்டேன். ‘பரவாயில்ல தாத்தா, நீங்க உக்காருங்க’ன்னுச்சு.

— தாத்தான்னுச்சா? அதான் உன் நோவு.

— சிரிக்காத செல்லிக்கா. அம்பத்தாறு வயசு எனக்கு.

— நீங்க நல்ல மனுசன் அண்ணா, அதான் எனக்குக் கஷ்டமே. வேற ஆளா இருந்தா திட்டிட்டுப் போயிடுவேன். போன வியாழக்கிழமை மண்டபத்துல துண்ட ஆட்டிக்கினு இருந்தீங்களே, நம்ம வண்டிக்குப் பின்னாடி ஸ்கூட்டர்ல நின்னது யாருன்னு தெரியுமா?

— யாரு?

— சாமுவேல் சார். ‘மண்டபத்துக்கே உனக்கு முன்னால ஒரு ஆள் நடக்கணும்னா, வாலாஜா டோல்கேட்டுல யாரும்மா நடப்பாங்க’ன்னு இன்னிக்குக் கேட்டாரு. ஷெட்டுல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்பறம் பின்னாடி போய் அழுதேன்.

— அழுதியா?

— அழுதேன். ஹெவி லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனப்போ கிரவுண்டுலயே நான் ஒருத்திதான் பொண்ணு. ‘நீ ஒரு ரவுண்டு போட்டா போதும்மா’ன்னாரு டெஸ்டு எடுத்தவரு. வேணாம் சார்னு எல்லாரையும் போல முழுசாப் போட்டேன். அன்னிலேர்ந்து லாங் வண்டி எடுக்கணும்ங்கறது ஒண்ணுதான் அண்ணா எனக்கு ஆசை. கைக்கு வந்து போச்சு.

— எனக்குத் தெரியாதும்மா. மெய்யாலுமே தெரியாது. நான் இறங்கி நின்னா உனக்கு தெம்பா இருக்கும்னுதான் நெனச்சேன்.

— முதல் வாரம் இருந்தது.

— இருந்ததா?

— இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்பறம் நீங்க நிறுத்தவே இல்ல. நானும் எப்பிடி சொல்றதுன்னு விட்டுட்டேன். தப்பு எம்மேலயும்தான்.

— செல்லிக்கா, கண்ணாடி எடுத்துக்கினு வரல நான். இந்த போன்ல ஓனர் பேரத் தேடிக் குடு.

— எனக்கு எங்க போன் பார்க்கத் தெரியும்? பாப்பாவாண்டக் குடு.

— இந்தாங்க அண்ணா, ரிங் போவுது. இன்னா சொல்லப்போறீங்க?

— உள்ளத சொல்றேன். ஹலோ, சார், பாண்டியன் பேசறேன். வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார், திருப்புட்குழியில நிக்குது. தேவிப்ரியா விஷயம்... ஆமா சார், மண்டபத்துல நான் இறங்கறேன். அது கேட்டு இறங்கல. ஒருநாளும் கேட்டதில்ல, அது என் பழக்கம்... இல்ல சார், அது அழுது என்னப் பேசச் சொல்லல. இருபத்தாறு வருஷத்துல பன்னெண்டு டிரைவரப் பார்த்துட்டேன் சார். பிரேக் போட்டா பாசஞ்சரு கம்பியப் பிடிக்காம நிக்கறது இவ வண்டியிலதான்... ஆங்... சரி சார், அப்பிடியே இருக்கேன்.

— இன்னா அண்ணா சொல்றாரு?

— இரும்மா. சார், அப்ப அந்த வண்டிக்குக் கண்டக்டரு?... தாவீதையா போடறீங்க? நான் வரேன் சார். நானே வரேன்... யாரு சொன்னது?... ஓ... சரி சார். வெச்சிடறேன்.

— இன்னா கண்டக்டரே, வாயத் தொற. புள்ள நிக்க முடியாம நிக்குது பாரு.

— நாளைக்கு அவரே வண்டியில ஏறிப் பார்க்கறாராம். மண்டபம் வந்தா நான் சீட்ட விட்டு எழுந்துக்கக் கூடாதாம். நல்லா எடுத்துச்சுன்னா வேலூர் வண்டி தேவிக்குத்தான்னுட்டாரு.

— எடுப்பேன் அண்ணா. கண்ண மூடிக்கினு எடுப்பேன். அக்கா, கேட்டீங்களா?

— கேட்டேன், கேட்டேன். இந்தா, முதல்ல இந்த வடையத் தின்னு. ஏன்யா, நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்கற?

— ஒண்ணும் இல்ல செல்லிக்கா. தேவி, அந்த வண்டிக்கு நான் கண்டக்டரா வரேன்னு கேட்டேன். ‘உன்ன டவுன்லயே விடச் சொல்லி தேவிப்ரியாதான் சொல்லுச்சு’ன்றாரு. நெசமா?

— அது போன மாசம் அண்ணா. யாரப் போடலாம்னு பேசிக்கினு இருந்தாரு. உங்க பேரும் வந்தது. அப்ப நான்தான்...

— அவரு வேலூர் பர்மிட்டுக்கு அலைய ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அந்த லைனக் கேட்டுக்கினு இருக்கேன்மா. இருபத்தாறு வருஷம் இந்த டவுனயே சுத்தியாச்சு. ரிட்டையர் ஆவறதுக்குள்ள ஒரு லாங் வண்டியில போயிடணும்னு.

— சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணா. மண்டபத்துல இறங்கிட்டுத் திரும்ப ஏறறப்போ முட்டிய மடக்க முடியாம கம்பியத் தொங்கிக்கினு ஏறுவீங்க. கண்ணாடியில பார்ப்பேன், மனசு கேக்காது. அதான் ‘பெரியவரு சார், அவ்ளோ தூரம் நின்னுக்கினு போனா முட்டி தாங்காது, டவுன்லயே இருக்கட்டும்’னேன்.

— முட்டி யாருதும்மா?