கல் கழுவிய மா

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயா அவர்களுக்கு,

அன்றைக்கு நீங்கள் என் மில்லுக்கு வந்துவிட்டு ஒரு வாய் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போனது எனக்கு இன்னும் மனக்குறைதான். கொட்டகலைப் பனியில் நனைந்து வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பிப் பழக்கமில்லை. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்றீர்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் மில்லின் சுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருசமாக இங்கே மா அரைக்கிறேன். இருப்பது ஒரே கல். அதில்தான் மிளகாயும் அரைபட வேண்டும், அரிசியும், கேழ்வரகு என்கிற குரக்கனும் அரைபட வேண்டும். செவ்வாய்க்கிழமை மிளகாய், புதன் காலையில் குரக்கன், சனிக்கிழமை மறுபடியும் குரக்கன். மிளகாய் அரைத்த கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது. இரண்டு கை கோதுமை மாவைக் கொட்டி ஓட்டினால் அது நெடி முழுவதையும் இழுத்துக்கொண்டு சிவப்பாக வெளியே வந்து விழும். அதைக் கோழிக்குப் போட்டுவிடுவோம். இந்த மலையில் எல்லா மில்லிலும் இதுதான் வழக்கம். சில பேர் ஒரு கையோடு நிறுத்திவிடுவார்கள். நான் இரண்டு கை போடுவேன்.

ஏன் கோதுமை மா என்று கேட்டீர்கள். ஐயா வெளியூர்க்காரர், தெரியாது. நான் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். தோட்டத்தில் எங்களுக்கு அளந்து கொடுத்தது கோதுமை மாதான். காலையிலும் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் இடுப்பில் முடிந்துகொண்டு போனதும் ரொட்டிதான். அந்த மாவில் வளர்ந்த நான் மூட்டையைத் தனியாளாகத் தூக்குகிறேன். எங்களுக்கு அது தண்ணீர் மாதிரி. அது ஒரு பிள்ளைக்கு விசம் என்று ஒருவர் வந்து சொன்னால் சிரிப்பு வருமா, வராதா?

அப்படிச் சொன்னவர் துரைராசா மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். ரெண்டாயிரத்து ரெண்டாம் வருசத் தொடக்கத்தில் மகள் தயானியைக் கையில் பிடித்துக்கொண்டு மில்லுக்கு வந்தார். பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் நின்றது. கோதுமையில் குளூட்டன் என்று ஒரு பசைச்சத்து இருக்கிறதாம், அது இவள் குடலை அரித்துவிடுகிறது என்று கொழும்பு டாக்டர் சொன்னாராம்.

"கந்தப்பன், ஒரு துகள் கோதுமையும் படக்கூடாது. இனி இவளுக்கு உங்கட குரக்கன் மாதான் சாப்பாடு. உங்களைத்தான் நம்பியிருக்கிறன்" என்றார்.

"நான் பாத்துக்கிறேங்க சேர்" என்றேன்.

பார்த்துக்கொள்ளவும் செய்தேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நாலு மாதம் கோதுமையைத் தொடாமல் அரிசியைப் போட்டுக் கல்லைக் கழுவினேன். அரிசி நெடியை லேசில் இழுக்காது, நாலு தரம் ஓட்ட வேண்டும், பிறகு கல் ஆற வேண்டும், அரை நாள் போய்விடும். பிள்ளை தேறினாள். கன்னத்தில் சதை வைத்தது. ஒரு நாள் தனியாக வந்து, "மாமா, நான் இப்ப ஓட்டப்போட்டியில ஓடுறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஒன்றும் கல் நெஞ்சுக்காரன் இல்லை.

மாஸ்டர் சும்மா இருக்கவில்லை, ஊரெல்லாம் என் மாவைப் புகழ்ந்தார். சீனி வருத்தக்காரர்கள் வந்தார்கள், வயிற்று வருத்தக்காரர்கள் வந்தார்கள். ஹட்டனில் லேபல் அடித்தேன். பச்சை எழுத்தில் 'கோதுமை அறவே கலவாதது', அதற்குக் கீழே 'குளூட்டன் அற்றது'. குளூட்டன் என்பது என்ன நிறம் என்று அச்சகக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் பார்க்க எடுப்பாக இருந்தது. நோர்வூட்டிலும் ராகலையிலும் கடைக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். அவ்வளவு மா அரைக்கிற ஒருவன் அரிசியைப் போட்டுக் கல்லைக் கழுவிக்கொண்டு அரை நாள் கையைக் கட்டி நிற்க முடியாது. பழைய வழக்கத்துக்குத் திரும்பினேன்.

இதைக் கலப்படம் என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்தான் எனக்கு வலிக்கிறது. நான் மாவில் கோதுமையைக் கலக்கவில்லை. கல்லைக் கழுவினேன். வீடு கழுவிய தண்ணீர் கொஞ்சம் தரையில் தங்கிவிட்டால், வீட்டுக்காரன் வீட்டில் தண்ணீர் கலந்தான் என்றா வழக்குப் போடுவார்கள்?

பிள்ளை மறுபடி சாய்ந்தாள். மாஸ்டர் வந்து பக்குவமாகத்தான் கேட்டார். "கந்தப்பன், குறை நினைக்காதேங்கோ. மில்லில ஏதும் மாத்தினனீங்களோ?"

இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. கணக்கு மாஸ்டரின் சந்தேகம் இருக்கிறதே, அது விடை வரும்வரை போகாது. அதனால் ஒரு விடை கொடுத்தேன். "சொல்லக்கூடாதுன்னு இருந்தேங்க சேர். பாப்பா பள்ளிக்கூட கேட்டுக்கிட்ட கோதும மா ரோல்ஸ் வாங்கித் திங்கிறத நானே பாத்தேங்க. சின்னப் புள்ளதானே, ஆசை இருக்கும்ல."

பிள்ளைக்காகப் பரிந்துதான் பேசினேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மாஸ்டர் கண்டிப்பான மனிதர். பிள்ளையின் பையைத் தினமும் சோதித்தார். கூட்டாளிகள் வீட்டுக்குப் போவதை நிறுத்தினார், பிறந்தநாள் வீடுகளை நிறுத்தினார். நான் சாப்பிடேல்லை அப்பா என்று அவள் அழுதாளாம், அவர் நம்பவில்லை. பிழை எங்கேயும் நுழைந்துவிடாதபடி மூன்று வேளையும் என் மா மட்டும்தான் என்று சட்டம் போட்டார். காலையில் பிட்டு, மத்தியானம் ரொட்டி, இரவு கஞ்சி. அப்படியும் பிள்ளை தேறவில்லை.

என் மனைவி நாகலெட்சுமி அப்போதே வாயைத் திறந்தாள். "அந்தப் புள்ள மூஞ்சியப் பாருங்க. அரிசியப் போட்டு ஓட்டுனா நீங்க என்ன கொறஞ்சா போயிருவீங்க?" என்றாள். தொழில் தெரியாதவள். அன்றிலிருந்து பாக்கெட் ஒட்ட வருவதில்லை. இப்போது கொழுந்து எடுக்கப் போகிறாள்.

ரெண்டாயிரத்து நாலில் ஒரு பின்னேரம் தயானி மில்லுக்கு வந்தாள். பதினொரு வயது, ஆனால் உயரம் ஒன்பதிலேயே நின்றிருந்தது. கையில் ஒரு கணக்குக் கொப்பி. இரண்டு பக்கத்துக்குக் கோடு போட்டு வைத்திருந்தாள். ஒரு பக்கம், என் பாக்கெட்டில் நான் குத்துகிற முத்திரைத் தேதி. மறுபக்கம், அவளுக்கு வயிறு நொந்த நாட்கள்.

"மாமா, சனிக்கிழமை முத்திரை குத்தின மாவில எனக்கு ஒண்டும் வாறேல்லை. புதன்கிழமை மாவிலதான் நோகுது. உங்களுக்குத் தெரியாமல் ஏதும் நடக்குதோ எண்டுதான் முதல்ல உங்களிட்ட வந்தனான். அப்பாவிட்டச் சொன்னால் உங்களை ஏசுவார்."

நல்ல கையெழுத்து. ஐந்து மாதக் கணக்கில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. செவ்வாய் இரவு கல்லில் போன கோதுமை புதன் காலையில் குரக்கனோடு வெளியே வருவதை, என் மில்லுக்குள் ஒரு நாளும் நின்று பார்க்காத பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள். கோதுமை அவளுக்கு விசம் என்பதை நான் அதுவரை நம்பவில்லை என்று சொன்னால் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நம்பினேன்.

கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டேன். பார்த்துச் சொல்கிறேன் பாப்பா என்றேன். அடுத்த நாள் மாஸ்டரைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்து, பாப்பா என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாள், ரோல்ஸ் தின்றதை மறைக்க மா மேல் பழி போடச் சொல்கிறாள் என்றேன்.

நீங்கள் கேட்பீர்கள், புதன்கிழமைக் கல்லை அரிசியில் கழுவியிருந்தால் என்ன என்று. நாகலெட்சுமியும் அதையேதான் கேட்டாள். யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு மாற்றினால் நேற்றுவரை லேபல் பொய் என்று ஆகும். பொய்யை விற்பவன் நான் இல்லை. சரி, மாஸ்டருக்கு மட்டும் சனிக்கிழமைப் பாக்கெட்டைக் கொடுத்திருக்கலாம் என்பீர்கள். கொடுத்தால் பிள்ளை சுகமாகிவிடுவாள். சுகமானால் கொப்பி சரி என்று ஆகும். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னது என்ன ஆகும்?

அதனால் அன்றிலிருந்து மாஸ்டருக்கென்று புதன்கிழமைப் பாக்கெட்டுகளைத் தனியாக எடுத்து, மேல் தட்டில் வைத்தேன். முத்திரை குத்துவதையும் நிறுத்திவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து மாஸ்டர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, "சொல்லு" என்றார்.

பிள்ளை என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "நான்தான் களவாச் சாப்பிட்டனான் மாமா. உங்களில பழி போட்டுட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். எத்தனை நாள் கேள்வி கேட்டு அந்த விடையை அவர் வாங்கினாரோ, எனக்குத் தெரியாது. குரலில் தெம்பே இல்லை.

நான் மன்னித்தேன். தலையைத் தடவி, "பரவால்ல பாப்பா, இனிமே அப்பா சொல்றதக் கேட்டு நட" என்றேன். மேல் தட்டிலிருந்து இரண்டு பாக்கெட்டை எடுத்துச் சும்மா கொடுத்தேன். மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மற்றது உங்கள் தாளிலேயே இருக்கிறது. ஐப்பசியில் தண்ணி வாளியைத் தூக்கும்போது பிள்ளையின் மணிக்கட்டு முறிந்தது. எலும்பில் சத்தே இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை சோற்றுக் கஞ்சி மட்டும் குடித்து எழுந்து உட்கார்ந்தாளாம். வார்டில் அவள் எதையும் களவாகத் தின்ன வழியில்லை. பிறகு மாஸ்டர் ஆசையாக என் மாவில் பிட்டு அவித்துக்கொண்டு போய் ஊட்டினார். அன்றிரவே டாக்டர்களின் கண் முன்னால் மறுபடியும் வயிறு நொந்து சாய்ந்துவிட்டாள். மிச்ச பாக்கெட்டைத்தான் உங்களிடம் அனுப்பினார்கள். போன உயரம் இனித் திரும்பாது என்று நீங்கள் சொன்னீர்கள்.

ஆகவே, உங்கள் கேள்விகளுக்கு விடை. மாவில் கோதுமை இருந்ததா? இருந்தது. எனக்குத் தெரியுமா? கொப்பியைப் பார்த்த நாளிலிருந்து தெரியும். தெரிந்தே கொடுத்தேனா? தெரிந்தே, பொறுக்கியெடுத்துக் கொடுத்தேன். கொப்பியை இத்துடன் இணைத்திருக்கிறேன். மாவை உங்கள் பரிசோதனைக்கூடத்தில் மறுபடியும் பார்க்கட்டும், மிளகாய் நெடி ஒரு துளி இருக்காது.

இன்னும் ஒன்று பாக்கி. போன கிழமை மாஸ்டர் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. கல்லுக்கு முன்னால், அன்றைக்கு மகளை நிறுத்திய அதே இடத்தில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார். "அவள் உங்களிட்ட மன்னிப்புக் கேக்கேக்க, நீங்கள் என்ன நினைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். நீங்கள் அவரைக் காண்பீர்கள், சொல்லிவிடுங்கள். பிள்ளையை நல்லபடியாக வளர்த்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இப்படிக்கு,
மு. கந்தப்பன்