இரண்டாவது அல்பத்தில் கடல் இல்லை

"எங்கடை இரண்டாவது அல்பத்திலை கடல் இல்லையெண்டு விமர்சனத்திலை எழுதியிருக்கினம், அண்ணை."

சீசா என்ற பகுதிக்குப் போகும் பஸ்ஸில் கிட்டாரை மடியில் வைத்திருந்தவள் சொன்னாள். நியூ வேவ் இசைக்குழுவாம் அவர்களுடையது. பக்கத்தில் வெயிலுக்குக் கண்மூடியிருந்தவர் சிரித்தார்.

"முதல் அல்பத்திலை இருந்தது மட்டும் கடலோ? நான் வேலை செய்யிற இத்தாலிக்கார அம்மா, அந்தச் சிஞ்ஞோரா வீட்டு வாஷிங் மெஷின்தானே. அது ஓடேக்கை பாடிப் பதிஞ்சனாங்கள்."

"எனக்கும் பாடேக்கை கரையிலை நிக்கிற மாதிரித்தான் இருந்தது. இந்தமுறை நல்ல ஸ்டூடியோ, ஒரு இரைச்சலும் இல்லை. இனி ஆர் கேப்பினம்? குழுவைக் கலைப்பமோ?"

பஸ் மெல்ல ஆடியது. அவர் கண் திறக்கவில்லை.

"மூண்டாவதுக்குச் சிஞ்ஞோராவோடை கதைச்சிட்டன். அழுக்கு உடுப்பெல்லாம் சேர்த்து வைக்கிறாவாம்."