பொத்தான் போடாத கை

"ஒரு பொத்தான் என்னைக் கவுத்துடப் பாத்துச்சு லா."

கோல சிலாங்கூரிலிருந்து அசாம் ஜாவா போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்தவர் மனைவியிடம் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது. ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டுகிறவர்; பட்டையைச் சீவிப் பால் இறக்குகிற வேலை. கத்தி பட்டு ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. கை ஊனம் என்று டாக்டர் எழுதிவிட்டால், எஸ்டேட்டில் மறுபடி வெட்ட மரம் கொடுக்க மாட்டார்களாம்.

"சட்டைப் பொத்தான் போடச் சொன்னாரு. முடியல. ஊனம்னு எழுதப் பேனாவையே எடுத்துட்டாரு."

"எழுதியே இருப்பாரு. நாந்தானே உள்ள ஓடியாந்து, 'ஐயா, முழு வெரலு இருந்தப்பவே இவரு பொத்தான் போட்டதில்ல. கட்டுன நாள்லேருந்து நாந்தான் போட்டுவிடறேன்'னு சொன்னேன்."

"நர்சுங்க எல்லாம் சிரிச்சாங்க. மானம் போச்சு."

"மானம் போனா போவுது. மரம் போவலயே."

"அப்புறம் ரூலரைக் குடுத்து, சொவத்தை மரமா நெனச்சி வெட்டிக் காட்டுன்னாரு பாரு..."

"அதுக்குன்னு சுண்ணாம்பு உரியுற மாதிரியா வெட்டுவாங்க?"

"அதப் பாத்துதானே புள்ள, நாளைக்கே வேலைக்குப் போன்னு எழுதுனாரு."

இறங்கும்போது அந்த அம்மா அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார். "இன்னொரு டாக்டரு கண்ணுல பட்டுறப் போறீங்க."

நான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். பத்து விரலும் முழுசாக இருந்தும் பொத்தான்களை ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருந்தேன். பஸ்ஸில் டாக்டர் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெல்லக் கழற்ற ஆரம்பித்தேன்.